வேப்பிலை அச்சு

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: வியன்னாவிலிருந்து வந்து ரங்கூனில் தங்கியிருந்த துரைசானி, அவளைப் பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மாள், துணி அலசும் பர்மாக்காரி மா திண், நீ, நான். ஐந்தே பேர். அதில் மிச்சம் இப்போது நான் ஒருத்திதான்.

நேற்று உன் மகள் வந்தாள். உன் கருமாதிக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்தாளாம். "ஆன்ட்டி, அம்மா இத உங்க கையிலதான் குடுக்கச் சொன்னாங்க. என்னன்னு எனக்கே தெரியல" என்று ஒரு முடிச்சை நீட்டினாள். அவிழ்க்கும் முன்பே தேங்காய் எண்ணெய் மணத்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் என் வேப்பிலை அச்சு.

திருடி! அறுபது வருஷத்துக்கு மேல் மரம் வெடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாய்.

எனக்குப் பதினாறு வயது. டாலாவிலிருந்து விடியற்காலை சம்பான் படகில் ஆற்றைத் தாண்டி வருவேன். நீ நாலு வயது மூத்தவள், கான்வென்டில் படித்தவள், செருப்புப் போட்டவள். துரைசானி பேசுவதை எனக்குச் சொல்பவளும் நீதான். அவள் வரைந்த கோலங்களை மரக்கட்டையால் துணியில் அச்சடிப்பது நம் வேலை. மாங்காயும் மயிலும் கிடையாது. கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், நடுவே நீட்டி இழுத்த கொடி. "சதுரங்கப் பலகையை யாரடி உடம்பில் சுற்றுவாள்?" என்று நீ சிரிப்பாய்.

துரைசானி சின்னப் பெண்ணாக இருந்தபோது, முதல் பெரிய சண்டைக்கு முன்னால், அவள் ஊரில் ஓவியர்களும் தச்சர்களும் தட்டார்களும் ஒரே பட்டறையில் வேலை செய்தார்களாம். கரண்டி செய்தாலும் நாற்காலி செய்தாலும் அதில் இரண்டு முத்திரை. வரைந்தவர் முத்திரை ஒன்று, கையால் செய்தவர் முத்திரை ஒன்று. "வரைந்தவள் பாதி, செய்தவள் பாதி" என்பாள். அந்த வழக்கப்படி உனக்கு ஒரு கோயில் மணி அச்சு, எனக்கு வேப்பிலை. துணி காய்ந்த பிறகு, கடைசியாக, மூலையில் அவள் அச்சுக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த இலைதான் கையெழுத்து.

அப்படி ஒரு துணி வியன்னாவில் ஒரு கண்காட்சிக்குப் போகவிருந்தது. பதினோரு நாள் நான் அச்சடித்தேன். நீ நேர்கோட்டுக்கு நூல் பிடித்தாய். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ரங்கூன் துறையைத் தாண்டி எங்கும் போகாத என் இலை கடலைத் தாண்டப் போகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துவிட்டது.

துணியை எடுத்துப்போக வெள்ளைக்கார அம்மாள் வந்துவிட்டாள். அச்சுகள் வைக்கும் தட்டில் என் அச்சைக் காணோம். "பின்பக்கம் போய்த் தேடுடி, அலசற கல்லுகிட்ட வச்சிருப்ப" என்றாய். போனேன். சாய வாளிக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினேன். திரும்பி வந்தபோது துணியின் மூலையில் உன் மணி, ஈரம் காயாமல்.

யார் செய்தது என்று அந்த அம்மாள் கேட்டாள். நீ உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. வாய் திறந்தது மா திண் மட்டும்தான். "அடி ஆத்தி, சாயத்துல கை கறுத்திருக்கிறது இந்தச் சின்னப் பொண்ணுக்குல்ல!" என்று பர்மாப் பேச்சில் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. துரைசானிக்குப் புரிந்தது. என் விரல்களைப் பார்த்தாள், உன் விரல்களைப் பார்த்தாள், பிறகு துணியை அவளே மடித்தாள்.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்த அரைகுறை பர்மாப் பேச்சில், "அடுத்த துணியில் உன் இலை" என்றாள். அடுத்த துணி வரவேயில்லை. மழைக்காலத்துக்குள் கப்பலேறிவிட்டாள்.

உன் கல்யாணத்துக்கு வந்தேன், கை நனைக்கவில்லை. தீமிதித் திருவிழாவில் உன் பக்கத்திலேயே நின்றும் முகம் கொடுக்கவில்லை. ஒரு தடவை நீ, "இன்னுமாடி?" என்றாய். "இன்னும்தான்" என்றேன். அவ்வளவுதான் நம் பேச்சு. அச்சை ஆற்றில் வீசியிருந்தால் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீசாமல் வைத்துக்கொண்டு நீயும் வெந்திருக்கிறாய். அதனால் கோபத்தில் பாதி கழித்துவிட்டேன். முழுசும் கேட்காதே.

இந்தக் கடுதாசியின் மூலையில் இலையைக் குத்துகிறேன். மை ஒட்டுகிறது, ஒரு நரம்புகூடத் தேயவில்லை. பக்கத்தில் உன் மணிக்கு இடம் விட்டிருக்கிறேன், நூல் பிடித்தவள் என்பதற்காக.

நீ ஆசைப்பட்டாய், எடுத்தாய். ஆனால் செய்த கைக்குப் பாதி உண்டு என்று கடல் தாண்டி வந்து சொன்னவள் ஒருத்தி. அவள் சொல்லித்தானே நான் அதை நம்பினேன்? கண்ணால் பார்த்தும் துணியை மடித்தாளே, அவளுக்கு இல்லை என் மன்னிப்பு. அந்தத் துரைசானியின் டிரங்குப் பெட்டியில் எழுதியிருந்த பெயரை எனக்குப் படித்துக் காட்டியவள் நீதான்.

ஹெட்விக்.