மழைப் பாடத்தில் விழுந்த இடி

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், அதைப் பாதிதான் நம்பினேன். போனில் பேசலாமே அம்மா என்று கேட்பாய். பேசினால் சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், அதோடு சரி. இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு போன் எதற்கு? அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். கீழ்வீட்டு நர்ஸ் இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் அக்கா என்று சத்தியம் வேறு செய்தாள். கட்டாயம் படிப்பாள். படித்துவிட்டுப் போகட்டும்.

நீ படிக்கப் போன ஊரில் குளிர் தாங்கவில்லை என்றாயே. நீ இங்கே விட்டுப்போன சாம்பல் நிறச் சட்டைக்கு உள்ளே துணி கொடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். பழைய அளவுக்குத்தான் தைத்தேன். இளைத்திருந்தால் மறைக்காமல் சொல். பிடித்துத் தருகிறேன்.

இங்கே கல்யாண சமயம். நீளம் குறைக்க, இடுப்புப் பிடிக்க என்று புதுத்துணிகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. வேலைக்குக் குறைச்சல் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது. நிறுத்தினால்தான் கஷ்டம்.

என் பெண் குரலில் பதிவான மழைப் பாடத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதை வெட்டிச் சரிசெய்யட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் அம்மா என்று என் தலையில் போட்டுவிட்டாய். எனக்கு இதில் என்ன தெரியும்? கம்ப்யூட்டரை நான் தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறேன்.

தெரிந்ததெல்லாம் அவள் படித்த விதம்தான். காலேஜ் விட்டு வந்து முகம் கழுவினதும், நான் கொடியில் தொங்கவிட்டிருக்கிற அடுத்தவர்கள் துணிக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்வாள். துணி சத்தத்தைக் குடித்துவிடுமாம், எதிரொலி வராதாம், நீ சொன்னாய் என்பாள். மிஷினை நிறுத்து அம்மா, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் படிக்கப்போகிறேன் என்பாள். நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்கால வெயில் அந்தத் துணிகள் வழியாக மஞ்சளும் ஊதாவுமாக வந்து தரையில் விழும். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வரும். யாருடைய சட்டையோ பாவாடையோ, பேசுகிற மாதிரி இருக்கும். துணி வாங்க வருகிறவர்களிடம் கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தச் சட்டை பூமி எப்படிச் சுற்றுகிறது என்று முழுப்பாடமும் கேட்டிருக்கிறது, போட்டுக்கொள்கிறவருக்கு அது தெரியாது.

தப்பாகப் படித்துவிட்டால் கையைத் தட்ட வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாயாம். தட்டினால் கம்ப்யூட்டரில் அந்த இடம் முள் மாதிரி குத்திட்டு நிற்குமாம், வெட்டுகிறவன் தேடாமல் கண்டுபிடிப்பானாம். எனக்கு முதலில் இது தெரியாது. உள்ளே கொசு அடிக்கிறாள் என்று நினைத்துக் கொசுவத்தி வாங்கிவந்து வைத்தேன். அந்தப் புகையில் இருமி இருமி ஒரு பாடமே பாழாய்ப்போனது. உன்னிடம் சொல்லியிருப்பாள். காலேஜில் நீங்கள் எல்லோரும் ரேடியோ என்று பெயர் வைத்த பெண் எதைத்தான் சொல்லாமல் விட்டாள்?

கடைசியாகப் படித்தது மழைப் பாடம். மறுவாரம் காய்ச்சல் வந்தது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

ஒரு சின்ன இருமலைக்கூட விடாமல் வெட்டித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாய் நீ. அந்த ஒரு பாடத்தை மட்டும் கை தட்டலோடும் பேச்சோடும் அப்படியே ஏற்றிவிட்டாய். கவனிக்காமல் நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சரி, கவனிக்காமல் நடந்தது என்றே இருக்கட்டும்.

பதில் சொல்லத் தெரியாமல்தான் போன வியாழக்கிழமை அந்தப் பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே போனேன். அவள் அம்மா என்று டீச்சரிடம் மட்டும் சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றேன். நீ போயிருப்பாய், உனக்குத் தெரிந்திருக்கும். நீளமான தாழ்வாரம், பக்கவாட்டில் வேப்பமரமோ என்னமோ, இலை நிழல் தரையில் ஆடுகிறது. சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் காதிலும் ஒயர். எல்லார் உதடும் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி அவர்களுக்கு நடுவே நடந்தேன். இத்தனை பேர் காதுக்குள்ளும் என் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள், எனக்கு மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண் ஒரு ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பத்தாவது படிக்கிறாளாம், வாய் நீளம். காதில் வைத்தேன். ஏதோ குருவி கத்துகிறது. இது யாருடைய குரல் என்று கேட்டேன். எங்கள் அக்கா என்றாள். இவர்களுக்கு மெதுவாகக் கேட்டால் தூக்கம் வருமாம், எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுவார்களாம். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத குரலை அவர்கள் அக்கா என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது தம்பி.

எந்தப் பாடம் உனக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். மழைப் பாடம்தான் என்று பக்கத்தில் இருந்தவளும் சேர்ந்து சொன்னாள். ஏன் என்றேன். அதில்தான் இடி இடிக்குமாம். மேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது திடீர் திடீரென்று டப் என்று இடி விழுமாம். வேறு எந்தப் பாடத்திலும் இப்படிச் சத்தமெல்லாம் போட்டுக் கொடுத்ததில்லையாம். அந்த அக்காவுக்கு இடி என்றால் பயம் போலிருக்கிறது, ஒவ்வொரு தடவை இடி விழுந்ததும் ஐயையோ, ச்சே என்று சொல்வார்கள், அப்புறம் தைரியம் வந்து மறுபடி ஆரம்பிப்பார்கள் என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்த ஒரு வருஷத்தில் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கினதும் அந்தப் பெண் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.  பிறகு மெதுவாக, மழைப் பாடத்தில் தூரத்தில் ஒருத்தர் சாப்பிட வாடி என்று கூப்பிடுவார்களே, அது நீங்கள்தானே என்றாள்.  நான் அன்றைக்குக் கூப்பிட்டதே எனக்கு ஞாபகமில்லை. தினமும் கூப்பிடுகிறதுதானே. ஆமாம் என்றேன்.

"அப்புறம் அந்த அக்கா சாப்பிட வந்தாங்களா?" என்று கேட்டாள்.

வந்தாள் என்று சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டாள் என்றும் சொன்னேன்.

அதோடு கிளம்பி வந்திருந்தால் வெட்டாதே, அப்படியே இருக்கட்டும் என்று அன்று சாயங்காலமே உனக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் வாசலில் டீச்சர் என்னை நிறுத்திவிட்டார். சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். போன பரீட்சையில் சூடான காற்று எங்கே போகும் என்று கேட்டிருக்கிறார்கள். கீழே இறங்கும் என்று அந்தப் பெண், தனக்காகப் பரீட்சை எழுதித் தருகிறவரிடம் எழுதச் சொல்லியிருக்கிறாள். அவள் பெஞ்சில் எல்லோருமே அப்படித்தான். தப்பு என்று அடித்ததும் டீச்சரோடு சண்டை. அக்கா தெளிவாகச் சொன்னார்கள், அதற்குப் பிறகு இடிகூட இடித்தது, அக்கா தப்பாகச் சொல்ல மாட்டார்கள் என்று அழுதிருக்கிறாள். அடுத்த மாதம் பெரிய பரீட்சை. அதில் நல்ல மார்க் வந்தால்தான் வெளியே விடுதியில் சேர்ந்து மேலே படிக்க முடியுமாம், இல்லையென்றால் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்களாம். அந்தத் தம்பிக்குப் பலமுறை எழுதினேன், செய்கிறேன் செய்கிறேன் என்கிறார், செய்யவில்லை என்றார் டீச்சர். உன்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன், இடிக்கு முந்திச் சொல்வதை விட்டுவிடு, பிந்திச் சொல்வதை எடுத்துக்கொள் என்று. ஏன் என்று கேட்டாள். அது இடி இல்லையம்மா, தப்பாகிவிட்டது என்று அக்கா கை தட்டுகிறாள் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. இவளுக்குச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு பள்ளிக்கூடமா? பெயர்கூடத் தெரியாத ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களுக்கெல்லாம் நான் போய்ச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து மிஷினை நிறுத்திவிட்டு, அவள் போனில் அந்தப் பாடத்தைப் போட்டேன். நம் வேகத்தில். துணிக்கு நடுவிலேயே உட்கார்ந்து கேட்டேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது, எந்த மழை பாடத்தில் பெய்கிறது, எந்த மழை தெருவில் பெய்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவள்தான் உள்ளே, நான்தான் இல்லாதவள் என்று தோன்றியது. மறுபடி மறுபடி கேட்டேன். நீயும் அங்கே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது தம்பி. அந்தக் கை தட்டல் பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை. அது உனக்கு. இங்கே தப்பாகிவிட்டது, இந்த இடத்தில் வெட்டிவிடு என்று ஒவ்வொரு தட்டலிலும் அவள் உன்னிடம்தான் சொல்கிறாள். உன்னை நம்பித்தான் தப்பாகப் படித்ததைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே படித்துக்கொண்டே போகிறாள். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ செய்யாமல் வைத்திருக்கிறாய்.

வெட்டிவிடு. தட்டலை, ஐயையோவை, ச்சேவை, எல்லாவற்றையும். நான் கூப்பிடுகிறதையும் வெட்டு. பாடத்துக்குள் எனக்கு என்ன வேலை? சூடான காற்று மேலே போகும் என்று மட்டும் அவள் குரலில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இடி இல்லாமல் கொஞ்ச நாள் சப்பென்று இருக்கும். பழகிவிடுவார்கள். பரீட்சைக்கு முந்தி முடித்துவிடு.

இன்னொன்று. உன்னோடு படிக்கிற பெண் ஒருத்தி இப்போது பாடம் படித்துத் தருகிறாள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அங்கே பஸ் எப்படி ஓடுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டாய். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. அவள் நன்றாகப் படிக்கிறாளா? குரல் எப்படி? அதை எழுது.

என் பெண் உன்னைப் பற்றி என்னிடம் பெரிதாக எதுவும் சொன்னதில்லை. நீ சொல்லிக்கொடுத்த வேலையைப் பற்றிச் சொல்வாள், உன்னைப் பற்றி இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் பேசுகிற ரேடியோ, ஒருவனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்றால் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். எனக்கு அதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான் என்று அவளிடம் சொல்ல வாய்க்கவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன், தட்டாமல் செய். வெட்டி எடுக்கிற துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பிவிடு. அனுப்பிவிட்டு உன்னிடம் ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதே. நான் வயசானவள், வீட்டில்தான் இருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றும்போது கேட்டுக்கொள்வேன். நீ சின்னப் பிள்ளை. நாளைக்கு எத்தனையோ பேர் உன்னைக் கூப்பிடுவார்கள், அவர்கள் குரல் உனக்குக் கேட்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. எல்லாம் உனக்கு நல்லபடியாக அமையும்.

உன் நலமே வேண்டும்,
அம்மா