காப்பிலி என்றால் காப்பவர்

மோர்னிங்சைட்
2 மார்ச் 2025

அன்பின் றெமிஜியஸ்,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். இரண்டு வருடமாக உனக்கும் எனக்கும் பேச்சில்லை. என் ஐயாவின் செத்தவீட்டுக்கு நீ வரவில்லை. அன்றைக்கு மெக்சிக்கோக் கடற்கரையில் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தாய். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

உன் மகள் கரோலினின் கலியாணக் கார்ட் வந்தது. பிள்ளைக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். மாப்பிள்ளை றொய்சனும் நல்ல பெடியன் என்று கேள்வி. கார்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இப்படி அடித்திருக்கிறது: 'அப்பாவை 1996இல் பெனின் நாட்டில் காப்பாற்றிய மடம் செலெஸ்தின், எங்கள் காப்பிலி, அவரின் நினைவாக அவருடைய மகள் பெலிசித்தே எங்களோடு இருப்பார்.'

நான் அதை வாசித்து முடிக்க முன்பே நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் ஃபோன் வந்துவிட்டது. "டேய் அருள், உன்ரை கூட்டாளி மேளின்ரை கலியாணத்துக்குக் காப்பிலியின்ரை மேளையும் கூப்பிட்டிருக்கிறானாம்! கார்டிலேயே அடிச்சுப்போட்டான், கண்டனியே?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் இருமலும் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் சிரித்தார். முந்நூறு பேருக்கு அந்தக் கார்ட் போயிருக்கும். கறுப்பு மனிதரைக் குறைத்துச் சொல்ல எங்கள் சனம் வைத்திருக்கும் சொல் அது என்று தெரியாத தமிழ் வீடு ஸ்காபரோவில் இல்லை. தெரியாதவள் உன் மகள் ஒருத்திதான்.

நீ இந்தக் கதையை வருடாவருடம் நத்தார் பண்டிகை மேசையில் சொல்லிச் சொல்லி, உனக்கே அது வேறொன்றாக மாறியிருக்கும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். வெளிநாடு அனுப்புவதாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கொட்டனூ நகரத்தில் ஒரு அறையில் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு பாஸ்போட்டுகளோடு ஓடினான். ஏழு மாதம் எங்களுக்குச் சாப்பாடு போட்டது வீட்டுக்காரி செலெஸ்தின். சோளமாவைப் புளிக்கவைத்து இலையில் கட்டி அவித்து, சந்திக்குச் சந்தி விற்றுச் சீவித்தவர். அவர் படியேறி வரும்போதெல்லாம் நாங்கள், "காப்பிலி வாறா, எழும்படா" என்போம். ஒருநாள் அவர் கேட்டார், "என்னைக் கண்டதும் சொல்கிறீர்களே, அது என்ன சொல்?" நீ உனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் ஒரு பொய் கட்டினாய்: "காக்கிறவர் என்று அர்த்தம், மடம்." அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கரோலினிடம் உண்மையைச் சொல்லு. பெலிசித்தே விமானம் ஏற முன்பு அவருக்கும் சொல்லு. சொல்லவேண்டியவன் நீதான்.

இப்படிக்கு,
அருள்நாயகம்


ஒஷாவா
11 மார்ச் 2025

அன்புள்ள மச்சான் அருள்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. இந்தக் காலத்தில எனக்குத் தபாலில வாறது பில்லும் நீயும்தான். வேரோனிக்கா கவரைப் பார்த்திட்டு, "அருள் அண்ணை வழக்குப் போட்டிட்டாரோ?" எண்டு கேட்டவ. சுகமாய் இருக்கிறியே? சீனி கொஞ்சம் கூட எண்டு கேள்விப்பட்டன், கவனம். ஐயாவின்ரை விஷயத்தில நான் பிழைதான், அதுக்கு எத்தினை தரம் மன்னிப்புக் கேக்கிறது?

கார்ட் விஷயம். பிறெஸ்ஸுக்குப் போனாப் பிறகுதான் நான் கண்டனான், சத்தியமா. பிள்ளை போன வருஷம் வேலை விஷயமா கானாவுக்குப் போனவள், அப்பா இருந்த வீட்டைத் தேடிப் பார்ப்பம் எண்டு பஸ் பிடிச்சு கொட்டனூவுக்குப் போயிருக்கிறாள். எனக்குச் சொல்லேல்லை, சர்ப்ரைஸாம். கிழவி செத்து ஏழு வருஷமாம். மேள் இவளைக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கிறா. அந்தப் படத்தை அனுப்பேக்கை நான் வேலையில நிண்டு அழுதனான்.

எங்கடை சனம் அந்தச் சொல்லைக் கெட்ட எண்ணத்திலயே சொல்லுறது? என்ரை அம்மா சொன்னவ, உன்ரை அம்மாவும் சொன்னவ. புத்தளத்தில இருக்கிற ஆபிரிக்க வழி ஆக்களே தங்களை அப்பிடித்தான் சொல்லினம், மன்னாரில பிறந்த எனக்குத் தெரியாதே? அதோட நீ எப்பவும் போல பெனினைத் தலையில வைச்சு ஆடாதை. எங்களுக்கு சனநாயகம் படிப்பிச்ச நாடு எண்டு நீ சொல்லுற இடத்தில 2019இல எதிர்க்கட்சியே இல்லாமல் எலெக்‌ஷன் வைச்சவங்கள். நியூஸ் நானும் பாக்கிறனான்.

அந்தப் பிள்ளை வரட்டும், கலியாணத்தைப் பாக்கட்டும், நயாகராவையும் காட்டி அனுப்பிவிடுறன். அவவுக்குத் தமிழ் தெரியாது, எங்கடை ஆக்களுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆர் ஆருக்குச் சொல்லப் போயினம்? நீ மட்டும் பேசாமல் இருந்தாச் சரி. உனக்கு முன் மேசை போட்டிருக்கிறன், போனமுறை எங்கடை விருந்தில மாதிரிக் குசினி வாசலில இல்லை.

அன்புடன்,
றெமிஜியஸ்


மோர்னிங்சைட்
17 மார்ச் 2025

அன்பின் றெமிஜியஸ்,

குசினி வாசல் மேசையை நீயே ஞாபகம் வைத்திருப்பதையிட்டு மகிழ்ச்சி. நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

'ஆர் ஆருக்குச் சொல்லப் போயினம்' என்று கேட்டாய். சொல்லப்போவது நான். நேற்றுக் கரோலின் ஃபோன் எடுத்தாள். "அருள் அங்கிள், யூ ஸ்பீக் ஃப்ரெஞ்ச், ரைட்? பெலிசித்தே அன்ரி ஸ்பீச் குடுக்கப் போறா. நீங்கள்தான் தமிழிலை சொல்லணும், ப்ளீஸ்" என்றாள். அந்தக் குரலுக்கு நான் ஓம் என்றுவிட்டேன். பேச்சையும் ஒரு படத்தையும் அனுப்பியிருக்கிறாள்.

படத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து: 'ஷே காப்பிலி.' காப்பிலி வீடு என்று அர்த்தம். கிழவி தன் கையால் எழுதியதாம்.

பேச்சின் முதல் வரி: 'நான் காப்பிலியின் மகள்.' அதை நான் மைக்கில் தமிழில் சொல்லவேண்டும், மண்டபம் முழுக்கச் சிரிக்கவேண்டும், தன் அம்மாவை நினைத்து மகிழ்ந்து சிரிக்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டு நிற்கவேண்டும். பிறகு இப்படி வருகிறது: 'என் அம்மாவுக்கு எங்கள் அரசாங்கம் ஒரு பட்டமும் தரவில்லை. உங்கள் மொழிதான் ஒன்று தந்தது.'

வாசித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

2019ஐப் பற்றி எழுதினாய். அது நடந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். எந்த நாட்டையும் தலையில் வைத்து ஆடும் வயது எனக்குப் போய்விட்டது. ஆனால் நாங்கள் கண்டது 1996. விசா முடிந்து பொலிஸ்காரர் ஒருவர் வாசலுக்கு வந்தபோது செலெஸ்தின் அவருக்குக் கதிரை போட்டு, "இவர்கள் என் விருந்தாளிகள்" என்றார். அடுத்த கிழமை எங்களைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த அதிகாரி எங்களையும் இருக்கச் சொல்லிவிட்டு, "உங்கள் நாட்டில் என்ன சண்டை?" என்று கேட்டார், முழுக்கக் கேட்டார், பிறகுதான் தங்குவதற்கான கடதாசியில் முத்திரை குத்தினார். என் சொந்த நாட்டில் ஒரு அரச அலுவலகத்தில் யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை.

அந்தப் பங்குனியில் அவர்களுக்குத் தேர்தல். முன்பு பதினேழு வருடம் ஆண்ட இராணுவக்காரரை 1990இல் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூடியிருந்து அதிகாரத்திலிருந்து இறக்கியவர்கள்; அடுத்த வருடம் வாக்கிலும் தோற்றபோது அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனவர். அவரையே இப்போது திரும்ப வாக்குப் போட்டுக் கூப்பிட்டார்கள். "இது என்ன விசர் வேலை, மடம்?" என்று நான் கேட்டேன். அவர் இலையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "போகச் சொன்னால் போகிறான், வரச் சொன்னால் வருகிறான். வீட்டுக் கதவு எங்களுடையது, தம்பி. அது போதும்." ஒரு துவக்குச் சூடும் இல்லாமல் ஒரு அரசாங்கம் போவதை நீயும் நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டையோடு வீதியில் நின்ற காலம் அது. அப்படி எங்களுக்குச் சொல்லித்தந்த வாயைத்தான், அவர் படியிறங்கியதும், "காப்பிலி நல்லாய்க் கதைக்கிறாடா" என்றோம்.

தெருப் பிள்ளைகள் எங்களைக் கண்டால் 'யோவோ, யோவோ' என்று கத்துவார்கள், ஞாபகமா? வெள்ளைக்காரன் என்று அர்த்தம். என்னையும் உன்னையும்! உன் நிறத்துக்கு! அதை எண்ணி எத்தனை நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்கள் வைத்த பெயரில் எங்களுக்கு நோகவில்லை.

படித்த மனிதன் என்று நீ என்னை நக்கல் அடிப்பாய், அடி. அந்தச் சொல்லை இரவு முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த அந்நியச் சொல்தான். ஆனால் தமிழாகப் பிரித்தால் காப்பு, இலி. காவல் இல்லாதவர். நாடில்லாமல், பாஸ்போட் இல்லாமல், அடுத்த வேளை சோறு எங்கே என்று தெரியாமல் அந்த அறையில் கிடந்தது யார்? அவரா, நாங்களா?

சொல்லிவிடு, றெமிஜியஸ்.

அருள்நாயகம்


ஒஷாவா
29 மார்ச் 2025

அருள்,

சொல்லப் போனனான். ஞாயிறு பூசை முடிஞ்சு பார்க்கிங்கில காருக்குள்ளை நானும் பிள்ளையும். "மகள், அந்தச் சொல்லைப் பற்றி அப்பா ஒண்டு சொல்லவேணும்" எண்டு தொடங்கினன். அழுகை வந்திட்டுது. அவள் என்ரை கையைப் பிடிச்சு, "அப்பா, டோன்ட் க்றை. அவவை நீங்கள் எவ்வளவு லவ் பண்ணினீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" எண்டாள். நான் சொல்லாமலே காரை எடுத்திட்டன்.

அவள் எப்பிடிப்பட்டவள் எண்டு உனக்குத் தெரியாது. ஆரும் கறுத்த ஆக்களைக் கறுவல் எண்டு ஒரு சொல் விட்டால் சாப்பாட்டில இருந்து எழும்பிப் போறவள். அப்பிடிச் சொன்னதுக்கே என்ரை சொந்தத் தமையனோட ரெண்டு வருஷம் கதைக்காமல் இருந்தவள். இதை அறிஞ்சால் என்னோட கதைப்பாளே? கோயிலுக்குள்ள கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக விடுவாளே?

உன்னை ஒண்டு கெஞ்சிக் கேக்கிறன். மேடையில அந்தச் சொல்லை விட்டுப்போடு. 'நான் காப்பவரின் மகள்' எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே. பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் நீ, சனம் நீ சொல்லுறதைத்தான் நம்பும். ரெண்டாவது தரமும் அதே பொய் எண்டு எனக்குத் தெரியும். உன்னைத் தவிர எனக்கு இதைக் கேக்க ஆளில்லை.

றெமி


மோர்னிங்சைட்
6 ஏப்ரல் 2025

அன்பின் றெமி,

உன் கடிதத்தை வாசித்துக் கோபப்படத்தான் இருந்தேன். வரவில்லை. காருக்குள் நீ அழுதது பொய்யில்லை என்று தெரிகிறது. உன் மகள் சொன்னதும் பொய்யில்லை. அந்த மனுசியில் எங்களுக்கு அன்பு இருந்தது. இருந்தும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. இதை எந்த மொழியில் யாருக்கு விளங்கப்படுத்துவது?

மேடையில் மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. நீ சொல்லவும் உன்னால் முடியாது. ஆகவே நான் பெலிசித்தேக்கு பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதில் உள்ளதை நீ அறியவேண்டும்.

'உங்கள் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் எங்கள் மொழியில் உங்கள் நிறத்து மனிதரை இழிவாகச் சொல்லும் சொல். அவர் பொருள் கேட்டபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் பொய் சொன்னோம். அவர் அந்தப் பொய்யை நம்பி, அதற்குப் பொருத்தமாகவே வாழ்ந்தார். கரோலினுக்கு இது ஒன்றும் தெரியாது, அவளை நொந்துகொள்ளவேண்டாம். பலகையை இறக்குவதும் விடுவதும், கலியாணத்துக்கு வருவதும் வராமல் விடுவதும் உங்கள் விருப்பம். வந்தால், மேடையில் நீங்கள் எதைச் சொன்னாலும், எங்களை ஏசினாலும், ஒரு சொல் குறையாமல் தமிழில் சொல்வதற்கு ஒருவர் நிற்பார்.'

முதலில் எழுதியதில் 'பொய் சொன்னோம்' என்று இருக்கவில்லை. 'றெமிஜியஸ் பொய் சொன்னார்' என்றுதான் எழுதினேன். அது எழுத எனக்கு நல்ல சுகமாக இருந்தது. கை தானாக ஓடியது. அந்தச் சுகத்தைக் கண்டுதான் நிறுத்தினேன். பொய்யைக் கட்டியது நீ, பக்கத்தில் நின்று தலையாட்டியது நான்.

மின்னஞ்சலில் அனுப்பினால் என் பெயர் தானாக ஏறிவிடும். அதனால் தபால். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, போய்ச்சேரும். அதற்குள் நீ கரோலினிடம் சொல்லு. அழுதுகொண்டு என்றாலும் முழுக்கச் சொல்லு. கையைப் பிடித்தால் பிடிக்கட்டும், நிறுத்தாதே.

கடிதத்தின் அடியில் என் பெயரை எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். எழுதினால் உண்மை சொன்னவன் நான், பொய் சொன்னவன் நீ என்று கணக்கு முடிந்துவிடும். உனக்கு மேலே ஒரு படி நிற்க ஒரு சந்தர்ப்பம் வராதா என்று நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வந்திருக்கிறது. செத்துப்போன ஒரு மனுசியின் பெயரில் ஏறி அந்தப் படியில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெலிசித்தேக்கு அந்த அறையில் இருந்த தமிழர் இரண்டு பேரைத்தான் தெரியும். எழுதியது எவர் என்று வந்து கேட்டால், நீ உன் பெயரைச் சொல்லு. நான் பக்கத்தில் நின்று மறுக்கமாட்டேன். இருவரில் எவராவது எப்போதோ சொல்லியிருக்கவேண்டியதுதான் அது.

உறையை ஒட்டிவிட்டேன். நாளைக்குக் காலை வேலைக்குப் போகும் வழியில், கையெழுத்து இல்லாமலே அதைத் தபாலில் சேர்ப்பேன்.