கையெழுத்துப் போட்டுத் தோற்றவளின் அம்மாவுக்கு

என் எதிர்வீட்டுக்காரிக்கு,

இன்று காலை ஓட்டுப் போடப் போனேன். மந்தைவெளியில் நாம் இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்து போவோமே, அதே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம்தான். விரலில் மை வைத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நீ. ஒவ்வொரு தேர்தலிலும் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வார்டு வாசனை மாமி" என்பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னை மாமி என்று கூப்பிட்டே கிழவியாக்கியவள்.

வெளியே வந்தால், மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமி, உங்க எதிர்வூட்டம்மா பேரு லிஸ்ட்ல கீது, இன்னும் வரலியே?" என்று கேட்டார். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதை அந்த மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தும் படபடப்பு அடங்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வாழ்க்கையில் தேர்தல் செய்த கூத்து கொஞ்சமா! உன் மகள் பாப்பா படிக்கப் போன இடத்திலேயே குடியுரிமை வாங்கி, அந்த அமெரிக்க மாநிலத்தில் செயலாளர் பதவிக்கு நின்று ஜெயித்தபோது, செயலாளர் என்றால் ஏதோ ஐ.ஏ.எஸ். உத்தியோகம் என்றுதான் நானும் நினைத்தேன். நீதான் எனக்கு வகுப்பெடுத்தாய். அங்கே கவர்னரையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் வைப்பார்களாம், டெல்லியிலிருந்து அனுப்ப மாட்டார்களாம். கஜானாவைப் பார்க்கிறவருக்குத் தனி ஓட்டு, அரசாங்க வக்கீலுக்குத் தனி ஓட்டு, தணிக்கை செய்கிறவருக்கும் ஓட்டு. கணக்குப் பிள்ளைக்குமா ஓட்டுக் கேட்டு ஊர்வலம் போவார்கள் என்று கேட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது.

அதைவிட ஆச்சரியம் பாப்பாவின் வேலை. மாநிலம் முழுக்கத் தேர்தலை நடத்தி, முடிவில் கையெழுத்துப் போட்டு அறிவிப்பதே அந்தச் செயலாளர்தானாம். அப்படியானால் அவளே மறுபடி நிற்கும்போது? அப்போதும் அவள்தானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஃப்ளாட் சங்கத்தில் நீ செய்வது போல அல்லவா இருக்கிறது என்றேன். நீயே தேர்தல் நடத்துவாய், நீயே நிற்பாய், நீயே எண்ணுவாய், நீயே ஜெயிப்பாய். வருஷா வருஷம் நீதான் சங்கச் செயலாளர். துபாயிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் போன் செய்து, "ஆன்ட்டி, எங்க ஓட்டையும் நீங்களே போட்டுடுங்க" என்பார்கள். நீயும் வஞ்சனையில்லாமல் அத்தனையையும் உனக்கே போட்டுக்கொள்வாய். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. தண்ணி லாரியை உன்னைப் போல யார் அதட்டி வரவழைப்பார்கள்? நான் சொன்னதைக் கேட்டு நீ பெருமையாக, "என் ரத்தம் இல்லியா மாமி" என்றாய்.

அதனால்தான் இரண்டாவது முறை பாப்பா நின்றபோது நமக்குத் துளிக் கவலை இல்லை. சாவி அவள் இடுப்பில் இருக்கும்போது அவளை வெளியே விட்டு வீட்டை யார் பூட்டுவது? அங்கே ஓட்டு முடிந்த அன்றே அவள் முன்னணியில் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. இங்கே முன்னணி என்றால் மத்தியானத்துக்குள் மாலை போட்டுவிடுவார்கள், அந்தக் கணக்கில்தான் நாமும் இருந்தோம். நீ சாந்தோம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாய், நான் கபாலிக்கு அர்ச்சனை செய்தேன். கிலோக் கணக்கில் மைசூர்பாகு வாங்கி மாடி மாடியாகக் கொடுத்தோம். கீழ்வீட்டு ராமபத்ரனுக்கும் கொடுத்தாய், வருஷா வருஷம் உன்னை எதிர்த்து நின்று தோற்கிற மனுஷன். வாட்ச்மேன் வாசலில் சரவெடியே வைத்தார்.

அங்கே எண்ணி முடியவே இல்லை என்று நமக்கு யார் சொன்னார்கள்? தபால் ஓட்டுகளை வாரக்கணக்கில் எண்ணுவார்களாம். நாளுக்கு நாள் பாப்பாவின் முன்னணி தேய்ந்தது. கடைசியில் ஒரு நாள் அவளே வீடியோவில் வந்து, தோற்றுவிட்டேன் அம்மா, இன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். நான் உன் சோபாவில்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் உன்னை அடித்துப் போட்டது. அவளுக்குச் செல்வாக்குள்ள ஊரிலிருந்து வந்த ஒரு மூட்டைத் தபால் ஓட்டு பனியில் மாட்டிக்கொண்டு, கெடு தாண்டி வந்து சேர்ந்ததாம். ஒரு உத்தரவு போடு, எண்ணிவிடலாம் என்று அவளுடைய ஆட்களே கெஞ்சினார்களாம். வேறு யாருக்கோ அப்படி வந்திருந்தால் எண்ணியிருக்க மாட்டேன், அதனால் எனக்கும் எண்ணவில்லை என்றாள்.

"உன் கையிலதானடி எல்லாம் இருந்துச்சு?" என்று கேட்டாய்.

"ஆமாம்மா. என் கையில இருந்ததாலதான் தொடல."

நீ போனை வைத்துவிட்டாய். அடி கிராதகி, அன்றைக்கு வைத்தவள் வைத்தவள்தான். புருஷன் போன பிறகு நைட் டியூட்டி பார்த்து வளர்த்த பெண். அவளுக்குக் காலேஜில் இடம் வாங்க எத்தனை வாசலில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். கிடைச்சதை விடாதே என்பதுதான் உன் வேதம். அவள் கிடைத்ததை விட்டாள், அதுவும் ஊரெல்லாம் இனிப்புத் தின்ற பிறகு. ராமபத்ரன் வேறு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "பாப்பாவுக்கு என்ன ஆச்சு மேடம்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டுத் தொலைத்தார். கிறிஸ்துமஸ் அன்று அவள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நீ அடுப்படியில் நின்றுகொண்டு எடுக்கவே இல்லை. நான் திட்டினேன், கெஞ்சினேன். பெற்ற பெண்ணிடம் என்னடி வீம்பு என்றேன். உன் ஆத்து விஷயத்தைப் பாரு மாமி என்று என் பாஷையிலேயே எனக்குப் பழிப்புக் காட்டினாய்.

பொங்கல் முடிந்து நம் சங்கத் தேர்தல் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல நீயும் ராமபத்ரனும். வழக்கம்போல நீ எண்ண, நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பாதியிலேயே எனக்கு உறைத்தது. வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்களின் சீட்டுகள் பெட்டிக்குள் வரவே இல்லை. எழுதப்படாமல் உன் மடியில் கிடந்தன. உன்னை இடித்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணி முடித்தால் ராமபத்ரன் ஜெயித்திருந்தார். நீ எழுந்து நின்று, அந்த வார்டு குரலில், நீயே அறிவித்தாய். சரவெடி வைத்த வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயித்தவருக்கே ஜெயித்தது பிடிக்கவில்லை போல, "அந்த துபாய் ஓட்டெல்லாம் எங்க மேடம்?" என்று கேட்டார்.

"அவங்க வரலியே சார். வராதவங்க மனசுல யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக உன்னோடு இருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மாடிக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாய். முகம் வெளுத்திருந்தது. தோற்றதால் என்று நினைத்தேன். காப்பி கலக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"கஷ்டமா இருக்கு மாமி. இத்துனூண்டு சங்கத்துக்கே இவ்ளோ கஷ்டமா இருக்கே. அவ அந்தக் கையெழுத்தை எப்படித்தான் போட்டாளோ" என்றாய்.

இப்போதே போன் செய் என்று நான் உன் போனை எடுத்துக் கொடுத்தேன். நீ வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தாய். "அங்க இப்ப நடுராத்திரி. பாவம், தூங்கட்டும். சாயந்தரம் பேசறேன்" என்றாய். சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். நான் நாலு மணிக்குக் காப்பியோடு வந்து கதவைத் திறந்து கூப்பிட்டேன், அதட்டிக் கூப்பிட்டேன், தொட்டேன். அந்தக் குளிர்ச்சி இப்போதும் என் கையில் இருக்கிறது. எத்தனை பேர் நாடி பார்த்தவள் நீ, உன் நெஞ்சு உனக்கு ஒன்றும் சொல்லவில்லையா? நீ செய்ய இருந்த போனை நான் செய்தேன். அவளுக்கு விடிந்து முதல் சேதி அதுதான்.

பாப்பா வந்தாள். கல்லறையிலும் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு உன் சமையல்கட்டில் நின்று என்னைக் கேட்டாள், "அம்மா என் மேல கோவமாவே போயிட்டாங்களா மாமி?"

நான் சொன்னேன். மடியில் கிடந்த சீட்டு, ராமபத்ரன் கேட்டது, நீ பதில் சொன்னது எல்லாவற்றையும். "அம்மாவா? எங்கம்மாவா தோத்தாங்க?" என்று கேட்டவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அழுதாள் பார், இரண்டு மாசத்து அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

அவள் திரும்பிப் போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் நான் அவளைக் கூப்பிடுகிறேன், அவள் பல் தேய்த்துக்கொண்டே பேசுகிறாள். மழை, மாவு, என் முழங்கால், ராமபத்ரன் தண்ணி லாரிக்குப் படுகிற பாடு என்று எதையாவது பேசுவோம். வைக்கிறதுக்கு முன்னால் மட்டும் தெரிந்ததையே கேட்பாள்.

"சாயந்தரம் பேசறேன்னுதானே சொன்னாங்க மாமி?"

"ஆமாண்டி கண்ணா. நீ தூங்கிண்டிருப்பேன்னு, சாயந்தரம் பேசறேன்னுதான் சொன்னா."