காலுக்குச் சிறிய பச்சை ஷூ

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் என் மகள் குண்டூசியும் நலம்தானே? கப்பலில் சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன துறைமுகத்தில் இருந்து பேசும்போது, நான் அனுப்பிய பச்சை ஷூவைப் போட்டுக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாளே! அதை நினைத்து எஞ்சின் அறையில் தனியாகச் சிரிக்கிறேன். மெக்கானிக்குக்கே மறை கழன்றுவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

முக்கியமான சேதி. கரையில் வேலை கிடைத்துவிட்டது. நம் ஊரில் இல்லை, ரயிலில் ஒரு பகல் தூரம். பம்பு செய்யும் கம்பெனி, குடியிருக்க வீடும் தருகிறார்கள். குழந்தையை என்னோடு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

என் அப்பாவும் கப்பல்காரர்தான். அவர் விடுமுறையில் வந்தால் நான் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "அம்மா, அந்த மாமா எப்ப போவாங்க?" என்று கேட்டேனாம். அப்பா சிரித்தாராம். எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ! நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடுவதில்லை. குண்டூசி என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுவிடக் கூடாது.

உங்கள் தங்கை கண்மூடியபோது, கைக்குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க வேலைக்குக் கிளம்புங்க மாப்ளே, இவளை நாங்க பாத்துக்கிறோம்" என்றீர்கள். அதை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். இப்போதும் நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் பேக்கரிக்கே வந்தது. அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டுப் படித்தேன். ஒரு தட்டு ரொட்டி கரியாகி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்கள் அக்கா துலக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். உங்கள் பிள்ளையை நீங்கள் அழைத்துப் போக எங்கள் சம்மதம் எதற்கு? தாராளமாக வாருங்கள். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய்.

அவளிடம் சொன்னோம். குதித்தாள். "அப்பா வீட்ல நீங்களும் அத்தையும் எந்த ரூம்ல படுப்பீங்க மாமா?" என்றாள். உங்கள் அக்கா எழுந்து மறுபடி பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பச்சை ஷூ அவளுக்குச் சேரவில்லை. நீங்கள் அனுப்பிய எதுவுமே சேர்ந்ததில்லை. போன விடுமுறையில் பார்த்த காலுக்கே வாங்கி அனுப்புகிறீர்கள், அதுவோ வளர்கிற கால். உங்கள் போன் வந்ததும் ஓடிப்போய் விரல்களை மடக்கித் திணித்துக்கொள்வாள். போன் வைத்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவாள். "அப்பாகிட்ட சொல்லிடலாமேடி" என்றேன். "வேணாம் மாமா. அப்பா ஆசையா வாங்கினது. கால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கும்" என்கிறாள். இவளா உங்களைக் கண்டு ஒளிந்துகொள்வாள்? அந்தப் பயத்தை விடுங்கள்.

தூங்கும்போது யார் காதையாவது பிடித்துக்கொள்வாள். இழுத்தால் வலிக்கத்தான் செய்யும், கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பால் ஆறினால்தான் குடிப்பாள்.

அன்புடன்,
மச்சான்

ஏப்ரல் 28

அன்புள்ள மச்சானுக்கு,

எண்ணெய்க் கையோடு உங்கள் கடிதத்தைப் படித்தேன். காகிதமெல்லாம் கறை. கண்ணைத் துடைக்கப் போய் முகமும் கறை.

"கால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கும்." இந்த வார்த்தை என்னை விடவே இல்லை. எனக்காகக் காலை மடக்கியவள், எனக்காக அந்தப் புது வீட்டுக்குள் மனசையும் மடக்கித் திணித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் காட்டுவாள். நானும் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருப்பேன்.

பம்பு கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். நம் ஊர்த் துறைமுகப் பட்டறையில் ஓர் இடம் இருக்கிறது. பதவி ஒரு படி கீழேதான், இருக்கட்டும். உங்கள் தெருவிலேயே எனக்கு ஓர் அறை பாருங்கள். அவள் கத்திக் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும். மாமாவும் அத்தையும் வழக்கமான ரூமிலேயே படுப்பார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் ஒரு நாள் அங்கே, ஒரு நாள் என்னிடம் தூங்கட்டும். உங்கள் காதுக்கும் ஓய்வு வேண்டாமா? பாத்திரத்தை விட்டுவிட்டு, எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள் அக்காவை.

என் அப்பா மேல் எனக்குப் பிரியம் வர ரொம்ப நாளானது. என் பிள்ளைக்கோ, கண்ணெதிரே இல்லாத அப்பன் மேல் இத்தனை பிரியம். அது தானாக வந்ததில்லை மச்சான். தினமும் அவள் காதில் நீங்கள் போட்டு வளர்த்தது. நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், நன்றி.

இந்த முறை ஷூ வாங்கி வர மாட்டேன். வந்ததும் நாலு பேருமாகக் கடைக்குப் போவோம், அவளே போட்டு நடந்து பார்க்கட்டும். அந்தப் பச்சை ஷூவை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது எனக்கு வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை