சிங்கத்தைத் தோற்கடித்த கைவிளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மைதிலி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை விடாமல் போடுகிறார்களா? என் செல்ல மகள் இனியாவுக்குச் சளி குறைந்ததா? போனில் கேட்டால் "சரியாயிட்டு" என்பீர்கள், எனக்கு மனம் ஆறாது.

இங்கே சென்னை அண்ணனூரில் நான் நலம். இன்று ஜெயித்துவிட்டேன் அம்மா! எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஆடும் கால்பந்து கிளப்புக்குப் புதுச் சின்னம் வரைந்தேன். ரயில் பணிமனைக்காரர்கள் தொடங்கிய கிளப் அது. வேலை முடிந்து இருட்டில் ஆடும்போது கோல் கம்பத்தில் சிக்னல் காட்டும் கைவிளக்கைத் தொங்கவிடுவார்களாம். பழைய சின்னத்தில் அந்த விளக்குதான் இருந்தது. பையன்களோ கிரீடம் வைத்த சிங்கம் கேட்டார்கள். சிங்கம் எல்லாக் கிளப்பிலும் இருக்கிறது, விளக்கு உங்களுடையது என்று சொல்லி, அதையே பெரிதாக வரைந்து கூட்டத்தில் காட்டினேன். ஒரே சிரிப்பு.

"இன்னாக்கா, செகப்பு லைட்டு போட்டுக்கீற? அத்தப் பாத்தா ரயிலே நின்னுடும், நம்ம ஆளு எப்டி ஓடுவான்?" என்றாள் பெண்கள் அணி கேப்டன் ஜெபா. சிங்கக் கட்சி விசிலடித்தது. வேறு தாளில் அங்கேயே பச்சை விளக்கு வரைந்து தூக்கிப் பிடித்தேன்.

"சிக்னல் உழுந்துச்சு, ஓடு மாமே!" என்று ஒருவன் கத்த, எல்லாக் கைகளும் உயர்ந்தன. இதுவரை பெயர் தெரியாத என்னைத் தெருவே இப்போது 'லைட் அக்கா' என்கிறது.

சின்னம் போட்ட சட்டை தைக்கப் போகிறார்கள். இனியாவுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். அவள் மார்பளவை நூலில் பிடித்து, அந்த நூலையே கவரில் வைத்து அனுப்புங்கள். வளர்ந்திருப்பாள், என் கையளவு இனி சரிவராது.

காலை ஷிஃப்ட், படுக்கிறேன்.

உங்கள்
மைதிலி