பக்கம் திறக்கப் பதினோரு விநாடி

செப். 9, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. மழை வரும் வரும் என்று ஒரு வாரமாகப் போக்குக் காட்டுகிறது. வேலை: தேனி நகைக்கடைக்குப் போன். காலண்டர் ராகுகாலத் தாள் புரூஃப். கேஸ் புக்கிங்.

தேனிக்காரர் நேற்று நம் வெப்சைட்டில் படிவம் நிரப்பியவர். இன்று கூப்பிட்டால் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டாராம். இந்த மாதம் இப்படிச் சொல்லும் ஐந்தாவது ஆள். காலண்டர் சீசனில், போன வருடம் இந்நேரம் மூச்சுவிட நேரமில்லை.

மெஷின் என் வீட்டுக்காரர் சரவணனுடையது. ஆர்டர் பிடிப்பது நான். கல்யாணமாகி வந்தபோது நம் பிரஸ்ஸில் ஓடியதெல்லாம் அடுத்தவர் வேலை. சொந்தமாக ஆர்டர் என்று வந்தது இந்த வெப்சைட்டுக்குப் பிறகுதான்.

வைக்கும் முன் தேனிக்காரர் சொன்னது: "ஒங்க பக்கம் சட்டுனு தொறக்க மாட்டேங்குதும்மா. சுத்திக்கிட்டே கெடக்கு."

செப். 10, புதன்

வேகம் பார்க்க இலவசமாகவே தளங்கள் இருக்கின்றன. முகவரியைப் போட்டு அமுக்கினால் மார்க் போடுகிறது. நமக்கு நூற்றுக்கு 19. சிவப்பு வட்டம். போனில் பக்கம் முழுதாகத் திறக்கப் பதினோரு விநாடி.

கவிதாவிடம் சொன்னேன். வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தவள். விருதுநகர் காலேஜில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. என் பிரசவத்தில் அம்மாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அந்த மார்க்கை நம்பாதே, எல்லாருக்கும் சிவப்புத்தான் காட்டும், நீ எதையாவது தொட்டால் உடைந்துவிடும் என்றாள். சரி என்றேன்.

சரி என்று விட மனசு வரவில்லை.

செப். 11, வியாழன்

தொட்டேன்.

படங்கள்தான் பாரம். மொட்டைமாடியில் வைத்து நான் எடுத்த காலண்டர் போட்டோக்கள், எடுத்தபடியே ஏற்றியிருக்கிறேன். படத்தைச் சுருக்கவும் இலவசத் தளம் உண்டு.

முருகன் 6 எம்பி, இப்போது 180 கேபி
லட்சுமி 5 எம்பி, 150
குழந்தை கிருஷ்ணர் 7 எம்பி (!), 200
இயற்கைக் காட்சி, யாரும் வாங்குவதில்லை, எடுத்துவிட்டேன்

மார்க் 58. ஆரஞ்சு வட்டம். பிரஸ்ஸுக்குப் போய் அவரிடம் காட்டினேன். ரோலரைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார்.

மத்தியானம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு சத்தம். தெருவே ஒரு நிமிடம் நின்றது. பட்டாசு ஆலை இல்லை, கல்குவாரி வெடி என்றார்கள். பிறகுதான் சோறு இறங்கியது.

செப். 12, வெள்ளி

இன்னொரு தளம் பார்த்தேன். பக்கம் திறக்கும்போது எது எது எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகக் கோடு போட்டுக் காட்டுகிறது. நம் கோடெல்லாம் இப்போது குட்டை. ஒன்று மட்டும் நீளம், நாலு விநாடி. அந்த முகவரி நம்முடையது இல்லை. படிவம் இருக்கும் பக்கத்தில் மட்டும் வருகிறது.

அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. படிவத்தில் எழுதுவதை இது நகல் எடுத்து வேறு எங்கோ அனுப்புகிறதோ என்று ஒரு எண்ணம். தலைவலி. இட்லிமாவு புளித்துவிட்டது.

செப். 13, சனி

பழைய போனில் கிடந்த சிம்மைப் போட்டேன். 'முத்துலட்சுமி, அரிசி மண்டி, போடி, இரண்டாயிரம் காலண்டர்' என்று என் படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன்.

எட்டு நிமிடத்தில் போன்.

"வணக்கம்மா, சிவகாசியில இருந்து பேசுறோம். காலண்டர் கேட்டிருந்தீகள்ல?"

கவிதா.

அவள் இரண்டு தரம் ஹலோ என்றாள். அவ்வளவு மரியாதையாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வைத்துவிட்டேன். வெயிலில் காயப்போட்ட வற்றலை எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே வைத்தேன்.

செப். 14, ஞாயிறு

விருதுநகர் பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றே போனேன். க. வீட்டில் பூரி. (பெயரை முழுதாக எழுத வரவில்லை. க. போதும்.) சாப்பிடச் சொன்னாள். நீளமான அந்தக் கோட்டைப் போனில் காட்டினேன். மறுக்கவில்லை.

ஆடியிலிருந்து நடக்கிறதாம். அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனபிறகு அவளும் காலண்டர் ஏஜென்சி ஆரம்பித்திருக்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன் என்றேன். அழுகை வந்தது, அவள் எதிரில் வந்ததுதான் கேவலம்.

"எங்கிட்ட மட்டும் வந்து நிக்கிற. ஒங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டியா? அம்புட்டும் அங்கனதான அடிக்கிறோம்."

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாத்தூர் ரோடு, திருத்தங்கல், எதுவும் கண்ணில் படவில்லை.

செப். 15, திங்கள்

கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தெரியும் என்றார். க.வின் முதல் லோடு பேப்பர் வந்தபோதே தெரியுமாம். தேனி நகைக்கடை இன்று மெஷினில் ஓடுகிறது. போய்ப் பார்த்தேன். தேனிக்காரர் பெயர், கடை பெயர், கீழே க.வின் ஏஜென்சி பெயர்.

"எங்கிட்டு வந்தா என்ன, நம்ம மெஷின்லதான ஓடுது. நீயும் வீட்டையும் பாத்துக்கிட்டு இதையும் பாத்துக்கிட்டுக் கஷ்டப்படுறன்னுதான் விட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்த முகம். ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டில் நான் 'இன்றைக்கும் ஒரு ஆர்டர் வரவில்லை' என்று சொல்லச் சொல்ல, "சீசன் டல்லு" என்று ரசம் ஊற்றிக்கொண்ட மனிதர்.

அவளுக்காவது கஷ்டம் இருந்தது.

செப். 16, செவ்வாய்

அந்த ஒரு வரியை அழித்தேன். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுபடி சோதித்தேன். மார்க் 93. பச்சை. இரண்டு விநாடி.

சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

க.விடமிருந்து மெசேஜ், மூன்று. படிக்கவில்லை. மாலை மழை. பட்டாசு காயவைத்தவர்கள் ஓடிய ஓட்டம்.

செப். 18, வியாழன்

படிவம் நாலு. நாலு பேரையும் பத்து நிமிடத்துக்குள் கூப்பிட்டேன். கம்பம் ரைஸ்மில் மூவாயிரம் உறுதி, முருகன் படம், மேலே மாட்டும் தகரப் பட்டி சிவப்பு.

அவரிடம் பேச்சு: தண்ணி வந்துருச்சா, பால் வாங்கியாச்சா. அவ்வளவுதான்.

விஸ்வநத்தம் ரோட்டில் ஒரு பிரஸ். அதை நடத்தும் அம்மாவே மெஷின் பக்கத்தில் நிற்கிறார். சாம்பிள் தாள் காட்டினார். மை சீராகப் பிடித்திருந்தது.

செப். 20, சனி

காலையில் அவராகவே பேச்சை எடுத்தார். கம்பம் ஆர்டர் வந்திருக்காமே, பிளேட் எப்போ போடலாம் என்று. தோசையைத் திருப்பிப் போட்டேன். வேறு பிரஸ்ஸில் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. எந்தப் பிரஸ் என்று கேட்டார்.

சொன்னேன்.