சேக்காளிக்குத் தீட்டு இல்லையாம்

என் ஆருயிர்ச் சேக்காளி சங்கரலிங்கத்துக்கு,

உம் காரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீர் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர். பிரேக் ஷூ மாற்றியாயிற்று. ஃபேன் பெல்ட் புதிது, ரேடியேட்டர் குழாயும் புதிது. ஸ்டெப்னிக்குக் காற்றடித்து, பேட்டரிக்குத் தண்ணீர் விட்டு, வைப்பர் ரப்பர்கூட மாற்றினேன். "பங்குனி வெயில்ல எதுக்குவே வைப்பரு?" என்று கேட்டீர். "திருத்தணிப் பக்கம் மழை பெஞ்சா உம்ம வேட்டிய வச்சா தொடைக்க?" என்றேன். சித்திரை பிறந்ததும் நீர் போய்ச் சேர்ந்தீர். வைகாசியில் கிளம்புவதாக இருந்தோம்.

கார் உமக்குச் சொந்தம். ஸ்டியரிங் எனக்குச் சொந்தம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கூட்டியவன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கியர் பழகியவன். எனக்கு எவனும் வழி சொல்லித் தந்ததில்லை. எவன் சொல்கிற வழியையும் நான் கேட்பதும் இல்லை. இது உமக்குத் தெரியும். தெரிந்துதான் அறுபடை வீட்டையும் காரில் சுற்றும் பொறுப்பை என்னிடம் விட்டீர்.

விட்டுவிட்டுச் சண்டையும் போட்டீர். "பக்கத்துல இருக்க திருச்செந்தூர விட்டுட்டு எவனாவது திருத்தணியில தொடங்குவானாவே?" என்றீர். "சுத்தி முடிச்சு வந்து கடல்ல முங்குனாத்தான் அலுப்பு தீரும்" என்றேன். இப்போதும் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி. உமக்குச் சர்க்கரை, அடிக்கடி ஒதுங்க வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் கயத்தாறு, சாத்தூர், திருமங்கலம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக யோசித்தேன். "தமிழ்நாட்டையே எம் மூத்திரப் பையை வச்சு அளக்கீரேவே" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்.

உம் பதினாறாம் நாள் நடந்ததை நீர் பார்த்தீரா என்று எனக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் நாவிதர், "பங்காளிய எல்லாம் வந்து உக்காருங்க" என்றார். மீசை எடுக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். என் முகத்தில் தண்ணீர் தடவிய பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணாச்சி, நீங்க பங்காளியா?" நான் வாய் திறக்குமுன் உம் பெரியப்பா மகன் முந்திக்கொண்டார். "அவரு சேக்காளிலா! எந்திரிக்கச் சொல்லும்."

சுவர்த் தகராறுக்குப் பிறகு உம் வாசல் மிதிக்காத மனுஷன். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன். அவருக்கு மீசை எடுத்தார்கள். நான் நனைந்த மீசையோடு எழுந்து ஓரமாக நின்றேன்.

பிறகு ஒரு மாசத் திதிக்கு வந்த உம் மகன் செந்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். நல்ல பிள்ளை. நல்லதாக நினைத்துத்தான் சொன்னான்.

"சித்தப்பா, அப்பா ஆசைப்பட்ட பயணம். நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்க. நாங்கதான் ஒரு வருசம் மலை ஏறக்கூடாது. ஒங்களுக்குத்தான் தீட்டு இல்லையே."

"காரு?"

"நீங்க போயிட்டு வந்ததும் நான் மெட்ராசுக்குக் கொண்டுபோயிருதேன். இங்கன நிறுத்திவச்சா வீணாப் போவும்."

உள்ளேயிருந்து மதினியும் சொன்னாள். "போயிட்டு வாங்க கொழுந்தனாரே. அவுக பேர்லயும் ஒரு அர்ச்சனை பண்ணுங்க."

நீரே சொல்லும். அவன் எனக்குச் சித்தப்பா என்று பேர் வைத்திருக்கிறான். மதினி என்னைக் கொழுந்தன் என்கிறாள். கொழுந்தனாகவும் சித்தப்பனாகவும் இருக்கிறவன் பங்காளி இல்லாமல் வேறு யார்? "சித்தப்பனுக்குத் தீட்டு இல்லன்னா வேற எவனுக்குலே தீட்டு?" என்று சத்தம் போட்டேன். அவன் பயந்துபோய்த் திதிக்கு வந்திருந்த ஐயரைப் பார்த்தான். ஐயர் சிரித்தார். "அதெல்லாம் ரத்த சம்பந்தத்துக்குத்தான். உமக்கு ஒண்ணும் கிடையாது. சௌகரியமா மலை ஏறிட்டு வாரும்."

சௌகரியமா! அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

அப்போது போகாவிட்டால் அந்தக் காரில் இனி எப்போதும் போக முடியாது. போனால், நான் உமக்கு யாரும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டது போலாகும். ஆறில் திருச்செந்தூர் தவிர மற்ற ஐந்துக்கும் மலையோ படியோ ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் நான் அதையே ஒத்துக்கொண்டு ஏற வேண்டும். போக மாட்டேன் என்றேன். ஏன் என்றான். சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "சரி சித்தப்பா, ஒங்க இஷ்டம்" என்றான். அவ்வளவுதான்.

அவன் காரை எடுத்துப்போக வந்த அன்று காலையில் நான்தான் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். ஆயில் பார்த்தேன், டயர் தட்டினேன். "மூணாவது கியர பையப் போடணும்லே. அழுத்துனா அடம்பிடிக்கும்." தலையாட்டினான். "கயத்தாறுல ஒருக்க நிறுத்து. பெறவு சாத்தூர்ல ஒதுங்க நல்ல எடம் இருக்கு, பெறவு திருமங்கலம்..."

"எனக்கு எதுக்கு சித்தப்பா அத்தன எடத்துல?" என்று அவன் சிரித்தான். "நேரா திருச்சிலதான் நிறுத்துவேன். போன்ல ரூட்டெல்லாம் போட்டாச்சு."

அவனுக்கு ஏது சர்க்கரை? நான் யாருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்?

கார் தெரு திரும்பிப் போயிற்று. வழியில் நின்றால் என்னைக் கூப்பிடு என்று சொல்லியிருந்தேன். நிற்கவில்லை. நான் பார்த்துக் கொடுத்த வண்டி, எப்படி நிற்கும்?

தீபாவளிக்கு என் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி விடவில்லை. "அவுக வீட்டுலயே பேரப்பிள்ளையளுக்குப் புதுத்துணி எடுத்தாச்சு. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" வாசலில் போய் நின்றேன். உள்ளே முறுக்குச் சுட்டாள். நான் தொடவில்லை.

போன வாரம் நம் முக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வேன் போகிறதாம். "அண்ணாச்சி, ஒரு சீட்டு இருக்கு, வாரியளா?"

"மலை ஏறக்கூடாது. தீட்டு."

"அடடா, யாரு தவறுனது?"

சேக்காளி என்றால் சிரிப்பார். பங்காளி என்றால், எந்த வழியில் என்று கேட்பார். "வேண்டிய ஆளு" என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன். எவனுக்கும் பயப்படாத நான், ஒரு பலசரக்குக் கடை வாசலில் உம்மை வேண்டிய ஆள் ஆக்கிவிட்டு வந்தேன்.

சித்திரையில் வருஷத் திதி வரும். அவர்கள் எல்லோரும் கூடித் தீட்டுக் கழித்துக்கொண்டு எழுந்துபோவார்கள். என்னைக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டாலும் எங்கே உட்காரச் சொல்வார்கள்? யாரும் கொடுக்காத தீட்டை யார் வந்து எனக்குக் கழித்துவிடுவார்கள்வே?

அது நடக்கிறபடி நடக்கட்டும். அதுவரை நான் மலை ஏற மாட்டேன். இனி எவன் கேட்டாலும் முணுமுணுக்கவும் மாட்டேன். யார் தவறியது என்றால் உம் பேரைச் சொல்வேன். என்ன உறவு என்றால், கீழே எழுதியிருக்கிறேனே, அதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உம் பங்காளி
முத்தையா